சிம்பாஸோ மக்கர் செய்தால்: அறிகுறியை வைத்துப் பழுது கண்டுபிடிக்கும் வழி

இத்தாலிய ஓபராவில் மூன்று ட்ரொம்போன்களுக்கு அடியில் நான்காவதாக ஒலிக்கும் பித்தளைக் கருவி சிம்பாஸோ. இன்று புழக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் எஃப் சுருதியில் அமைந்தவை. சுமார் 12 அடி நீளக் குழாய், காற்றைக் கூடுதல் குழாய்களுக்குத் திருப்பிவிடும் நான்கு முதல் ஆறு வால்வு, தரையில் ஊன்றும் கம்பி, வாசிப்பவரின் தலையருகே முன்னோக்கி நீளும் பெல், அதாவது ஒலி வெளிவரும் விரிந்த வாய். இதை மட்டுமே வாசித்துப் பிழைப்பவர்கள் வெகு சிலர். வெர்டியின் ஓபராக்களான நபுக்கோவோ ஐடாவோ மேடையேறப்போகிறது என்றதும் டியூபா வாசிப்பவர் கைக்கோ பாஸ் ட்ரொம்போன் வாசிப்பவர் கைக்கோ வாடகைக் கருவி ஒன்று வந்து சேரும். ஒத்திகை நெருங்கியிருக்கும், கருவியோடு பழக நாள் இருக்காது. அந்த நிலையில் இருப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. ஏதாவது தவறாக ஒலித்தால் உடனே உங்கள் உதட்டைக் குறை சொல்லாதீர்கள். குழாயில் தண்ணீர், காற்றுக் கசிவு, வால்வின் நிலை, குழாயின் நீளம் என்ற வரிசையில் பாருங்கள். நான்கும் சரியாக இருந்த பிறகே வாசிக்கும் விதத்துக்கு வரவேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கருவியின் குறையை உதட்டால் ஈடுகட்டப் பழகிவிட்டால், கருவி சரியான பின்னும் அந்தப் பழக்கம் போகாது.

குழாய்க்குள் கொறகொறவென்று சத்தம்

தண்ணீர்தான். மூச்சின் ஈரம் குளிர்ந்த பித்தளையில் பட்டு நீராகிறது. சிம்பாஸோ நிமிர்ந்து நிற்பதால் அந்த நீர் தரைக்கு மிக அருகிலுள்ள வளைவுகளில் போய்த் தேங்கும். பிரதான ஸ்லைடில் (இழுத்துக் கழற்றக்கூடிய குழாய்) உள்ள வாட்டர் கீயை, அதாவது நீர் வடிக்கும் திறப்பை, திறந்துவிட்டால் எல்லாம் வடிந்துவிட்டது என்று நினைப்பது தவறு. வால்வுகளோடு இணைந்த கிளைக் குழாய்கள் பலவற்றில் வாட்டர் கீயே இருக்காது.

எந்தக் கிளையில் தண்ணீர் என்று கண்டுபிடிக்க, உதட்டை அதிரவிடாமல் வெறும் காற்றை ஊதிக்கொண்டே வால்வுகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எந்த வால்வில் சலசலக்கிறதோ அதன் ஸ்லைடைக் கழற்றிக் கவிழ்த்தால் போதும். ஓபராவில் இதற்குக் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. வெர்டியின் ஸ்கோரில் சிம்பாஸோவுக்கு நீண்ட மௌனங்கள் இருக்கும். அந்த நேரத்தில் கருவி குளிர்ந்துவிடும். மீண்டும் ஊதத் தொடங்கியதும் நீர் வேகமாகச் சேரும். நுழைய வேண்டிய இடத்துக்குச் சற்று முன்பிருந்தே சத்தமில்லாமல் காற்றை ஊதிக் குழாயைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இது சுருதிக்கும் நல்லது. காற்றின் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் மாறினால் சுருதி ஏறத்தாழ 3 சென்ட் நகர்ந்துவிடும். 100 சென்ட் சேர்ந்தது ஓர் அரைச்சுரம். வாசித்துக்கொண்டே இருக்கும் வயலின்களுக்குப் பக்கத்தில் ஒரு காட்சி முழுவதும் சும்மா இருந்த கருவி இறங்கி ஒலிப்பது இதனால்தான்.

வால்வு மந்தமாகத் திரும்புகிறது, அல்லது நின்றேவிட்டது

பெரும்பாலான சிம்பாஸோக்களில் இருப்பது ரோட்டரி வால்வு. அழுத்தும் லீவருக்கும் சுழலும் ரோட்டருக்கும் நடுவே ஒரு கம்பி இணைப்பும் பந்து மூட்டும் உண்டு. கோளாறு எந்தப் பக்கம் என்று முதலில் பிரித்தறிய வேண்டும். இணைப்புக் கம்பியை ரோட்டரின் கையிலிருந்து கழற்றிவிட்டு, அந்தக் கையை விரலால் சுழற்றிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு சுழன்றால் ரோட்டரில் குறை இல்லை. லீவரின் ஸ்பிரிங்கோ மூட்டோ காரணம். விரலுக்கே இறுக்கமாக இருந்தால் ரோட்டர்தான்.

ரோட்டருக்கு மூன்று இடத்தில் எண்ணெய் வேண்டும், மூன்றும் வேறு வேறு. ஸ்லைடு குழாய் வழியாக உள்ளே விடுவது மெல்லிய எண்ணெய். பின்மூடியைத் திறந்தால் தெரியும் அச்சுக்கும், முன்பக்கம் கைக்கு அடியிலுள்ள அச்சுக்கும் சற்றுக் கெட்டியானது. மூட்டுகளுக்கு அதைவிடக் கெட்டியானது. இந்த இடத்தில் அடிக்கடி நடக்கும் தவறு, ஸ்லைடு குழாயில் எண்ணெயை விளிம்பிலேயே ஊற்றுவது. அது ஸ்லைடின் கிரீஸைக் கரைத்து இழுத்துக்கொண்டு ரோட்டருக்குள் போகும். எண்ணெய் விட்ட பின் வால்வு முன்னைவிட மந்தமாகிவிடும். நீண்ட மூக்குள்ள குப்பியால், குழாய்ச் சுவரைத் தொடாமல், ஆழத்தில் விடுங்கள்.

நெடுநாள் பெட்டிக்குள் கிடந்த கருவியில் பச்சைக் களிம்பு பிடித்து ரோட்டர் ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய் விட்டு ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் மெல்ல முயலுங்கள். நேற்றுவரை ஓடிய வால்வு எங்கேயோ இடிபட்ட பின் நின்றுபோனால் கதை வேறு. ரோட்டரின் கூடோ அதை ஒட்டிய குழாயோ வளைந்திருக்கும். அதைப் பலவந்தமாகச் சுழற்றினால் ரோட்டரின் மேற்பரப்பில் கீறல் விழும், அந்தக் கீறல் பிறகு காற்றுக் கசிவாகும். தொடாமல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். பிஸ்டன் வால்வுக் கருவியாக இருந்தால் வேலை எளிது: பிஸ்டனை எடுத்துத் துடைத்து, எண்ணெய் விட்டு, அதே எண்ணுள்ள கூட்டில் சரியான பக்கம் பார்த்து நுழைத்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அழுத்தும்போது டக் டக் என்ற சத்தம்

பந்து மூட்டு தேய்ந்திருக்கும் அல்லது வறண்டிருக்கும். கெட்டி எண்ணெய் ஒரு சொட்டு விட்டதும் சத்தம் அடங்கினால் வறட்சி, அடங்காவிட்டால் தேய்மானம். ரோட்டர் முட்டி நிற்கும் கார்க் துண்டு உதிர்ந்திருந்தாலும் இதே சத்தம் வரும். பித்தளை பித்தளையில் மோதும் அந்த ஒலி கூர்மையாக இருக்கும், கேட்டால் வித்தியாசம் தெரியும்.

எல்லாச் சுரமும் அடைத்தாற்போல் இருக்கிறது, காற்று போகவில்லை

மேலே சொன்ன கார்க்கை இப்போது கவனமாகப் பாருங்கள். வால்வின் பின்மூடியைத் திருகிக் கழற்றினால், ரோட்டர் அச்சின் முனையில் ஒரு கோடும் அதைச் சுற்றியுள்ள தட்டில் இரண்டு கோடுகளும் தெரியும். வால்வை விட்டிருக்கும்போது அச்சின் கோடு ஒன்றோடும், அழுத்தும்போது மற்றொன்றோடும் நேராக நிற்க வேண்டும். தள்ளி நின்றால் ரோட்டரின் துளையும் குழாயின் வாயும் முழுதாகப் பொருந்தவில்லை. காற்று ஒரு விளிம்பில் முட்டிக்கொண்டுதான் போகிறது. கார்க் தடிமனாக இருந்தால் பிளேடால் மிகமிகச் சிறிதாகச் சீவுங்கள், தேய்ந்திருந்தால் புதிதாக வையுங்கள். ஐந்து ஆறு வால்வுகளில் ஒவ்வொன்றும் சிறிது தள்ளி நின்றாலே போதும், மொத்தக் கருவியும் மூச்சுத் திணறும். வாடகைக் கருவிகளில் இதை நான் முதலில் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் கார்க்கைப் பற்றி யாரும் கவலைப்படுவதே இல்லை.

அதுவும் சரியாக இருந்தால் கசிவைச் சோதியுங்கள். வால்வை அழுத்தாமல் அதன் ஸ்லைடைச் சற்று வெளியே இழுத்துப் பிடித்து, சில நொடிகள் கழித்து வால்வை அழுத்துங்கள். 'பொப்' என்று வெடித்தால் உள்ளே வெற்றிடம் நின்றிருக்கிறது, கசிவு இல்லை. மௌனமாக இருந்தால் ஸ்லைடு வழியாகவோ ரோட்டர் வழியாகவோ காற்று புகுந்திருக்கிறது. ஸ்லைடுக்குக் கெட்டி கிரீஸ் தடவி மறுபடி சோதித்தால் எது என்று தெரிந்துவிடும். ரோட்டர் என்றால், தற்காலிகமாகக் கெட்டியான வால்வு எண்ணெய் விட்டுச் சமாளிக்கலாம்.

மவுத்பீஸை, அதாவது உதடு வைத்து ஊதும் கழற்றக்கூடிய கிண்ணத்தையும் மறக்காதீர்கள். சிம்பாஸோக்களின் மவுத்பீஸ் வாய் ஒரே அளவில் வருவதில்லை. பாஸ் ட்ரொம்போன் தண்டுக்கு ஏற்றவை உண்டு, சன்னமான ஐரோப்பிய டியூபா தண்டுக்கு ஏற்றவை உண்டு, தடித்த அமெரிக்கத் தண்டுக்கு ஏற்றவையும் உண்டு. நுழைத்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் அது இந்தக் கருவிக்கானது அல்ல. காகிதம் சுற்றி இறுக்குவது ஒரு மாலைக்கு வேண்டுமானால் உதவும். எந்தச் சுரமும் தன் இடத்தில் உறுதியாக உட்காராது.

கீழே போகப்போகச் சுருதி ஏறுகிறது

இது பழுது அல்ல, கணக்கு. ஒரு வால்வு தரும் கூடுதல் குழாய், வேறு வால்வு எதுவும் அழுத்தப்படாத நிலைக்காக அளந்து வெட்டப்பட்டது. முழுச்சுரம் இறங்க மொத்த நீளத்தில் சுமார் 12 விழுக்காடு கூட வேண்டும். ஆனால் நான்காம் வால்வை அழுத்திக் கருவியை ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு நீளமாக்கிவிட்டால், அந்த நீண்ட குழாயின் 12 விழுக்காடு அல்லவா தேவை? முதல் வால்விடம் அவ்வளவு இல்லை.

எஃப் கருவியில் விளைவுகள் இவை. பாஸ் கிளெஃபுக்குக் கீழே இரண்டாம் துணைக்கோட்டில் இருக்கும் சி சுரத்தை 1, 3 வால்வுகளால் எடுத்தால் 30 சென்ட் ஏறி நிற்கும். நான்காம் வால்வால் மட்டும் எடுத்தால் நேராக இருக்கும். அதற்கு அரைச்சுரம் கீழேயுள்ள பி, 2, 4 சேர்த்தால் சுமார் 25 சென்ட் ஏறும். அதற்கும் கீழே பி ஃபிளாட், 1, 4 சேர்த்தால் 48 சென்ட், ஏறக்குறையப் பாதி அரைச்சுரம் ஏறும். அங்கே குறைவது கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் குழாய். உதட்டைத் தளர்த்தி அதை இறக்கப் பார்த்தால் சுரம் இறங்கும், ஒலியும் கூடவே செத்துவிடும்.

ஐந்தாம் ஆறாம் வால்வுகள் இருப்பது இதற்காகவே. பல கருவிகளில் ஐந்தாவது சற்றே நீண்ட முழுச்சுரம், ஆறாவது சற்றே நீண்ட அரைச்சுரம். நான்கோடு ஆறு சேர்த்தால் பி, நான்கோடு ஐந்து சேர்த்தால் பி ஃபிளாட், இரண்டும் கணக்குப்படி நேராக விழும். டியூபாவில் நான்கு வால்வோடு பழகிய விரல்கள் பழைய வழியிலேயே போகும் என்பதால், ஒத்திகைக்கு முன் டியூனரை வைத்துக்கொண்டு எஃப் முதல் தாழ்ந்த சி வரை, பிறகு அதற்குக் கீழே ஒவ்வோர் அரைச்சுரமாக, எந்தச் சேர்க்கை நேராக நிற்கிறது என்று பென்சிலால் ஒரு அட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே உற்பத்தியாளரின் இரண்டு கருவிகள்கூட ஒன்றுபோல் இருக்காது. அடுத்தவருடைய அட்டையை நம்பாதீர்கள். கூடவே அரங்கின் சுருதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பிய ஓபரா அரங்குகள் பலவற்றில் ஏ சுரம் 440 ஹெர்ட்ஸில் இல்லை, 442இல் இருக்கும்.

ட்ரொம்போன்களோடு ஒட்டவில்லை என்று நடத்துனர் சொல்கிறார்

இந்தக் கருவியின் வரலாற்றிலேயே மிகப் பழைய புகார் இதுதான். புகார் செய்தவர் வெர்டியே. ஐடா 1872 பிப்ரவரியில் மிலானின் லா ஸ்காலாவில் மேடையேறுவதற்குச் சில வாரங்கள் முன்பு, பதிப்பாளர் ஜூலியோ ரிக்கோர்டிக்கு எழுதிய கடிதத்தில், நான்காம் குரலுக்கு மற்ற ட்ரொம்போன்களின் குடும்பத்தைச் சேர்ந்த ட்ரொம்போனே வேண்டும், அது முடியாவிட்டால் ஓஃபிக்ளைட் (சாவிகள் கொண்ட பழைய பித்தளைக் கருவி) இருக்கட்டும், மற்றவற்றோடு கலக்காத அந்தப் பொம்பார்டோனே மட்டும் வேண்டாம் என்றார். பொம்பார்டோனே என்பது அன்றைய டியூபா வகை. பத்தாண்டு கழித்து, 1881இல், மிலானைச் சேர்ந்த பெலிட்டி பட்டறை அவர் விருப்பப்படி தாழ்ந்த பி ஃபிளாட் சுருதியில் வால்வு வைத்த கான்ட்ராபாஸ் ட்ரொம்போன் ஒன்றைச் செய்தது. 1887இன் ஒத்தெல்லோவும் 1893இன் ஃபால்ஸ்டாஃபும் அந்த ஒலியை மனதில் வைத்து எழுதப்பட்டவை.

எனவே ஸ்கோரின் ஆண்டைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். 1831இல் பெல்லினி நோர்மாவில் சிம்பாஸோ என்று எழுதியபோது இருந்தது விரல் துளைகளும் சாவிகளும் கொண்ட நிமிர்ந்த மரக் குழாய், பெல் மட்டும் பித்தளை. வெர்டியின் ரிகொலெத்தோ, த்ரோவத்தோரே காலத்தில் ஓஃபிக்ளைட் போன்ற கருவிகளும் அதே பெயரில் அழைக்கப்பட்டன. நம் கையில் இருக்கும் எஃப் கருவி 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் உருவானது. ஒத்தெல்லோவுக்கு அது இயல்பாகப் பொருந்தும். நோர்மாவில் அதே வீச்சோடு ஊதினால் பாடகர்களின் தலைக்கு மேல் போய்விடும். அங்கே பஸூன்களோடும் டபுள் பாஸோடும் சேர்ந்து, எடை குறைத்து, குறுகிய சுரங்களாக வாசிப்பதே நியாயம்.

இனி ஒட்டாமைக்கான காரணங்கள். ஒலி பஞ்சு மூட்டைபோல் மழுங்கி இருந்தால் மவுத்பீஸின் கிண்ணம் ஆழம் அதிகம். டியூபாவிலிருந்து அப்படியே கொண்டுவந்திருப்பீர்கள். ஆழம் குறைந்த ஒன்றுக்கு மாறுங்கள். கத்தி தீட்டுவதுபோல் கரகரக்கிறது என்று புகார் வந்தால் காற்று அதிகம். சிம்பாஸோவின் குழாய் நெடுந்தூரம் ஒரே அகலத்தில் ஓடுகிறது. அப்படிப்பட்ட குழாயில் உரக்க ஊதும்போது காற்றழுத்த அலையின் முகப்பு போகப்போகச் செங்குத்தாகி, மேல் சுரக்கூறுகள் பெருகி, ஒலியில் பித்தளையின் நெருப்பு ஏறும். கூம்பாக விரியும் டியூபாவில் அது அவ்வளவு எளிதில் நடக்காது. அதனால் டியூபாவுக்குச் செலுத்தும் காற்றை இங்கே செலுத்தத் தேவையே இல்லை.

டியூபாக்காரர்கள் மீறி ஊதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டியூபாவின் பெல் மேல்நோக்கி இருப்பதால் ஒலி கூரையில் பட்டு வாசிப்பவருக்கே திரும்பி வரும். சிம்பாஸோவின் பெல் முன்னோக்கி இருப்பதால் ஒலி நேரே முன்வரிசைக்குப் போய்விடும். உங்களுக்குக் குறைவாகவே கேட்கும். கேட்கவில்லையே என்று கூட்டினால் நடத்துனர் கையை உயர்த்துவார். ஒத்திகை இடைவேளையில் மூன்றாம் ட்ரொம்போன் வாசிப்பவரை அழைத்து, இருவரும் ஒரே சுரத்தை, பிறகு ஓர் எட்டுச்சுர இடைவெளியில், மெல்லத் தொடங்கிப் பெருக்கி அடக்குங்கள். வேறொருவர் அரங்கின் நடுவில் நின்று கேட்கட்டும். இரண்டு கருவி என்று அவருக்குத் தெரியாத அளவு எதுவோ அதுவே உங்கள் ஃபோர்த்தே, அதாவது உரக்க வாசிக்கும் அளவு. எந்த மவுத்பீஸும் செய்யாத வேலையை இந்தப் பத்து நிமிடம் செய்யும்.

சுரம் தாமதமாகப் பிறக்கிறது

தண்ணீர், கசிவு, மவுத்பீஸ் மூன்றையும் பார்த்தாயிற்று என்றால், இயற்பியலைப் பாருங்கள். நீங்கள் தொடங்கும் அதிர்வு பெல்வரை போய்ப் பிரதிபலித்துத் திரும்பினால்தான் சுரம் நிலைபெறும். வால்வு அழுத்தாத எஃப் கருவியில் இந்தப் போய்வருதலுக்குச் சுமார் 21 மில்லிநொடி. நான்கும் ஐந்தும் அழுத்திய நிலையில் 30ஐத் தாண்டும். திரும்பிவரும் அலை உதவிக்கு வரும்வரை உதடு தானே சரியான அதிர்வெண்ணைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். சுரத்தை மனதில் கேட்காமல் நாக்கால் மட்டும் குத்தினால் முதலில் ஒரு சிதறல், பிறகு சுரம். தாழ்ந்த சுரங்களை ஊதும் முன் மனதுக்குள் பாடிக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் இதுதான். நடத்துனரிடமிருந்து 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒலி அவரை அடைய இன்னும் சுமார் 29 மில்லிநொடி ஆகும். பிறர் ஒலியைக் கேட்டுச் சேராமல் கோலைப் பார்த்துச் சேருங்கள்.

எங்கோ ஒரு அதிர்வு இரைச்சல்

குறிப்பிட்ட ஒரு சுரத்தில் மட்டும் 'ஸ்ஸ்' என்று இரைந்தால், அந்தச் சுரத்தை நீட்டி வாசித்துக்கொண்டே இருங்கள். இன்னொருவர் ஒவ்வோர் இடமாக விரலை வைத்து அழுத்தட்டும். வைத்ததும் நின்றால் அங்கேதான். வாட்டர் கீயின் ஸ்பிரிங், தளர்ந்த பின்மூடி, பற்று விட்டுப்போன குறுக்குக் கம்பி ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். கருவியில் எங்கேயும் இல்லையென்றால் எதிரே இருக்கும் இசைத்தாள் தாங்கியையும் அதன் விளக்கையும் பிடித்துப் பாருங்கள்.

மூன்றாம் அங்கத்தில் கழுத்து வலி, மேல் சுரங்கள் வரவில்லை

ஊன்றுகம்பியின் திருகு தளர்ந்து கருவி இறங்கியிருக்கும். அதைத் துரத்திக்கொண்டு நீங்களும் குனிந்திருப்பீர்கள். மவுத்பீஸ் உதட்டைத் தேடி வரும் உயரத்தில் கம்பியை இறுக்கி, அந்த இடத்தில் பேனாவால் ஒரு குறி போடுங்கள். மரத்தரையில் வழுக்கினால் செல்லோக்காரர்கள் நாற்காலிக் காலில் மாட்டும் பட்டையை இரவல் வாங்கலாம்.

காட்சி நடுவில் வால்வு நின்றுவிட்டது

பழுது பார்க்க நேரமில்லை, மாற்று விரலமைப்பு மட்டுமே வழி. ஒன்றாம் வால்வு அழுந்தாமல் நின்றுவிட்டால் அதன் இடத்தில் ஐந்தை எடுத்து, ஐந்தின் ஸ்லைடை முழுதும் உள்ளே தள்ளி, உதட்டால் சற்று ஏற்றுங்கள். 1, 2 வரும் இடத்தில் மூன்று, 1, 3 வரும் இடத்தில் நான்கு. இரண்டாம் வால்வு போனால் ஆறு. மூன்று போனால் 1, 2 சேர்த்தாலே போதும். நான்கு போனால் 1, 3 போட்டு மூன்றின் ஸ்லைடை வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். அழுந்திய நிலையில் சிக்கிக்கொண்டதென்றால் இணைப்புக் கம்பியைக் கழற்றி, ரோட்டரின் கையை விரலால் திருப்பி விடுவித்து, அந்த வால்வு இல்லாமலே அங்கத்தை முடியுங்கள். இதற்குத் தேவையான சிறிய திருப்புளி ஒன்று எப்போதும் மவுத்பீஸ் பையில் இருக்கட்டும்.